ஆறாவது மாடி வீடு

என் தங்கையின் கணவரைப் பாதிப் பேர் ‘லிஃப்ட்’ என்றுதான் சொல்வார்கள். லிஃப்ட் வந்துட்டாரா, லிஃப்ட் சாப்பிட்டாரா என்று கேட்பார்கள். அவருக்கு அதில் வருத்தம் கிடையாது. பெரிய அரசாங்கக் கட்டிடம், அதில் அந்தக் காலத்து லிஃப்ட். இரும்பு மடக்குக் கதவை இழுத்துச் சாத்தினால்தான் நகரும். சாத்துவதற்கு ஒரு ஆள் வேண்டும், அந்த ஆள் இவர். மூலையில் ஒரு ஸ்டூல், தலைக்கு மேலே ஓடாத மின்விசிறி. அந்தப் பெட்டிக்குள்ளேயே பாதி ஆயுளை ஏற்றி இறக்கிவிட்டார்.

எனக்கு ஷட்டர் வேலை. கடைக்காரன் காலையில் வந்து ஷட்டரைத் தூக்க, அது பாதியில் சிக்கிக்கொண்டு மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் நின்றால் என்னைத்தான் கூப்பிடுவான். பட்டறையில் பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது. அதனால் மாப்பிள்ளை வந்து உட்கார்ந்தால் எனக்கு ரேடியோ போட்டது மாதிரி. மனுஷன் வாயை மூடமாட்டார். ஒன்றாம் மாடியில் ஒரு கதையை ஆரம்பிப்பார். இரண்டாம் மாடியில் இறங்க வேண்டியவர்கள் கதையை முடிக்க வேண்டுமே என்று ஐந்தாம் மாடி வரைக்கும் போய்த் திரும்பி வருவார்கள். நடுவில் லிஃப்ட் நின்றுபோனால், “பயப்படாதீங்க, அது கொஞ்சம் யோசிக்குது” என்பார்.

தங்கை வீட்டிலிருந்தே துணி தைத்துக் கொடுப்பாள். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே அறை, வாடகைக்கு. கட்டில், தையல் மிஷின், அடுப்பு மூன்றும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். குழந்தை இல்லை. பார்க்காத டாக்டர் இல்லை. கடைசியில் ஒரு நாள் இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்ட மாதிரி அந்தப் பேச்சையே விட்டுவிட்டார்கள். நாங்களும் எடுப்பதில்லை.

இப்படி இருக்கும்போதுதான் அந்தக் கட்டிடத்தின் நாலாம் மாடிக்குக் கம்ப்யூட்டர்காரர்கள் வந்தார்கள்.

எல்லா அரசாங்க வேலையையும் போனிலேயே முடிக்கிற மாதிரி ஒன்று கட்டப் போகிறார்களாம். பிறப்பு, கல்யாணம், வீடு, எதற்கும் ஜனங்கள் வரிசையில் நிற்க வேண்டாம், யாருக்கும் கும்பிடு போட வேண்டாம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. சின்னப் பையன்கள், பெண்கள், எல்லாரும் கழுத்தில் அட்டை மாட்டியிருப்பார்கள். அவர்களுக்குத் தலைவியாக ஒரு மேடம். கட்டினது வேலை செய்கிறதா என்று பார்க்க அவர்களுக்கு நிஜ ஆள் ஒருவர் தேவைப்பட்டது. நிஜ விரல், நிஜ முகம், நிஜ அடையாள எண். கட்டிடத்தில் இருக்கிற அதிகாரிகளைக் கேட்டார்கள். ஒருத்தர் மீட்டிங் என்றார், ஒருத்தர் விரலில் காயம் என்றார், இன்னொருத்தர், “நாளைக்கு ஏதாவது ஏடாகூடமாச்சுன்னா?” என்று நேராகவே கேட்டுவிட்டார். மேடம் அலுத்துப்போய் லிஃப்டில் இறங்கும்போது இவரிடம் சொல்லியிருக்கிறாள். நம்ம ஆள் கையை நீட்டிவிட்டார்.

“பத்து விரலும் எடுத்துக்கோங்க மேடம். லிஃப்ட் ஓட்டுறதுக்கு ஒண்ணு போதும்.”

அன்றிலிருந்து மத்தியானம் ஆனால் நாலாம் மாடியில்தான் இருப்பார். கேமரா முன்னால் உட்கார வைப்பார்கள், கண்ணை மூடச் சொல்வார்கள், சிரிக்கச் சொல்வார்கள், தொப்பி போட்டு எடுப்பார்கள். டீ வாங்கித் தருவார்கள். சாயங்காலம் பட்டறைக்கு வந்து கதை கதையாக அளப்பார்.

“மச்சான், அந்த மிஷினுக்கு முகம்னா என்னன்னே தெரியாது. என் மூஞ்சிய வெச்சுத்தான் கத்துக்கிச்சு.”

“அதான் அது உருப்படாமப் போகப் போகுது மாப்ள.”

“பொறாமை. உங்களுக்குப் பொறாமை.”

ஒரு நாள் அவர்கள் வீட்டுத் தாழ்ப்பாளைச் சரிபண்ணிக்கொண்டிருந்தேன். உள்ளே வந்ததும் வராததுமாக, “இன்னிக்கு எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சு” என்றார்.

தங்கை மிஷினை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. “யாரோட?”

“யாரோ ஒரு பொண்ணு. கண்ணாடி போட்ட பையன் ஒருத்தன் இருக்கானே, அவன் வாய்க்கு வந்த பேரை அடிச்சான். பட்டனைத் தட்டினான். சர்டிபிகேட் வந்துடுச்சு.”

“சாப்பாடே போடாமக் கட்டிக்கிட்டவ எத்தனை நாளைக்கு இருப்பா? ராத்திரி அங்கேயே போய்ச் சாப்பிடுங்க.”

சிரித்தோம். சாவுச் சான்றிதழுக்கும் ஒரு தடவை கேட்டார்களாம். அதற்கு மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை, என் பெண்டாட்டி திட்டுவாள் என்று சொல்லிவிட்டாராம். அதற்கும் சிரித்தோம்.

பிறகு இன்னொரு நாள். அன்றைக்கும் அதே தாழ்ப்பாளோடு நான் அங்கேதான் இருந்தேன், ஏன் இருந்தேன் என்று இருக்கிறது. வாசலிலேயே செருப்பைக் கழற்றிக்கொண்டு சொன்னார்: “ரெட்டைப் புள்ளை! இன்னிக்கு நமக்கு ரெட்டைப் புள்ளை பொறந்துடுச்சு!”

தங்கை கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். “நமக்கா?” என்றாள்.

அப்போதுதான் மனுஷனுக்கு உறைத்தது. “இல்ல… சும்மா, சோதனைக்குத்தான்…”

“உங்களுக்குன்னு சொல்லுங்க. அந்தப் பொண்ணுக்கும் உங்களுக்கும். எனக்கு எங்கேருந்து வந்துச்சு?”

அதற்கப்புறம் அவள் துணி வைக்காமலே மிஷின் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தாள். நான் தாழ்ப்பாளைப் பாதியில் விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

கடைசியாக அவருக்கு ஒரு வீடும் கொடுத்தார்கள். வீட்டுக்கு விலாசம் வேண்டுமே. கண்ணாடிப் பையன் அந்தக் கட்டிடத்து விலாசத்தையே போட்டு, ஆறாவது மாடி என்று அடித்தானாம். கட்டிடத்துக்கு ஐந்தே மாடிதான், ஆகவே யாருக்கும் இடைஞ்சல் இல்லை என்று கணக்கு.

திறப்பு விழாவுக்குப் பெரிய ஆள் ஒருவர் வர வேண்டும். அவருக்கு நேரம் கிடைத்த நாள் முன்னால் வந்துவிட்டதால் வேலையை அவசரமாக முடித்தார்கள். பந்தல், மைக், பேச்சு. மறு வாரமே நாலாம் மாடி காலி. ஒப்பந்தம் முடிந்ததாம். மேடம் லிஃப்டில் இறங்கும்போது இவர் கையைப் பிடித்து நன்றி சொன்னாளாம். அதைச் சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியது. எனக்கு எரிச்சலாக இருந்தது.

அதற்குப் பிறகுதான் நாங்கள் இருந்த பக்கம் சாலையை அகலமாக்க வந்தார்கள். தங்கை குடியிருந்த கட்டிடம் முழுசாகப் போகிறது. சுவரில் நோட்டீஸ் ஒட்டினார்கள். ஆனால் வேறு வீடு இல்லாதவர்களுக்கு ஊருக்கு வெளியே கட்டியிருக்கிற அடுக்குமாடியில் ஒரு வீடு சொந்தமாகக் கிடைக்கும். ஒரு படுக்கை அறை, ஒரு சமையலறை, உள்ளேயே குளியலறை. தங்கை அந்த வீட்டை எங்கேயோ போட்டோவில் பார்த்துவிட்டு வந்தாள். சமையலறையில் ஒரு ஜன்னல் இருக்கிறது என்று என்னிடம் சொன்னாள். அதையே திரும்பவும் சொன்னாள். விண்ணப்பம் போனில்தான் போட வேண்டும். மாப்பிள்ளைக்குச் சொல்ல வேண்டுமா? தெருவில் முதல் ஆளாகப் போட்டார். முகத்தைக் காட்டினார். உடனே பதில் வந்தது: தங்களுக்கு ஏற்கெனவே வீடு ஒதுக்கப்பட்டுள்ளது.

“நம்ம பசங்க வேலைதான். ஒரு வார்த்தை சொன்னா அழிச்சிடுவாங்க” என்றார்.

கண்ணாடிப் பையனைத் தேடிப் பிடித்தோம். வேறு ஊரில், வேறு கம்பெனியில் இருந்தான். பட்டறையில் வைத்துத்தான் பேசினார். போன் ஸ்பீக்கரில் இருந்ததால் நானும் கேட்டேன்.

“ஐயோ லிஃப்ட் அண்ணா, அது இன்னும் இருக்கா? சோதனைக்குப் போட்ட பொய் ஆளுங்க எல்லாரையும் கடைசி நாள்ல அழிச்சிட்டோமே.”

“என்னை அழிக்கலையா தம்பி?”

“நீங்க நிஜ ஆளாச்சே அண்ணா. கைரேகை நிஜம், நம்பர் நிஜம். நிஜ ஆளையும் அவரோட சேர்த்துப் போட்டதையும் சிஸ்டம் அழிக்க விடாது. நாங்கதான் அப்படிக் கட்டினோம், யாரும் யாரையும் தப்பா அழிச்சிடக்கூடாதுன்னு.”

விளங்கியதா? பொய்யான ஆட்கள் எல்லாம் போய்விட்டார்கள். இவர் ஒருத்தர் உண்மை என்பதால் நின்றுவிட்டார். இவரோடு ஒட்டியிருந்த பொய்களும், அந்தப் பெண்டாட்டி, அந்த இரட்டைப் பிள்ளைகள், அந்த வீடு எல்லாம், இவரோடு சேர்ந்து நிஜமாகிவிட்டன.

அதே கட்டிடத்தில் தரைத்தளத்தில் சேவை மையம் திறந்திருந்தார்கள். டோக்கன் எடுத்துப் போய் உட்கார்ந்தோம். கவுன்ட்டரில் இருந்தவன் நல்ல பையன். மத்தியானம் சாப்பிடத் தினமும் இவர் லிஃப்டில் மேலே போய் வருகிறவன்.

“அண்ணா, உங்களுக்கு இதே பில்டிங்ல ஆறாவது மாடியில வீடு இருக்கறதா காட்டுது.”

“தம்பி…”

“எனக்குத் தெரியும்ணா. ஆறாவது மாடி இல்லைன்னு எனக்குத் தெரியாதா? ஆனா நான் பார்க்கத்தான் முடியும், தொட முடியாது. போன்ல புகார் போடுங்க.”

போட்டார். சில நாளில் பதில் வந்தது: உங்கள் புகார் தீர்க்கப்பட்டது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்? மாப்பிள்ளை சந்தோஷத்தில் ஐந்தும் கொடுத்துவிட்டார். பிறகு போய்ப் பார்த்தால் ஒன்றும் மாறவில்லை. ஐந்து நட்சத்திரம் கொடுத்த ஆள் அதே விஷயத்துக்கு மறுபடி புகார் போட முடியாதாம்.

“குறைச்சுக் கொடுத்தா பசங்களுக்குச் சம்பளத்துல கை வைப்பாங்களோன்னு நினைச்சேன் மச்சான்” என்றார். எனக்குக் கையில் இருந்த ஸ்பேனரை வீசலாம் போல வந்தது.

இன்னும் ஒரு வழி இருந்தது. வேண்டாத வீட்டைத் திருப்பி ஒப்படைக்கலாம். அதற்குக் காலி வீட்டை உள்ளே நின்று போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். எங்கே நின்று எடுப்பது? இரண்டு பேரும் மொட்டைமாடிக்குப் போனோம். தண்ணீர்த் தொட்டி, புறா எச்சம், அறுந்து கிடக்கும் ஒயர். இதுதான் ஆறாவது மாடி என்று அவர் நடுவில் நின்றார், நான் எடுத்தேன். அனுப்பினோம். அதற்குப் பதிலாக நோட்டீஸ் வந்தது. ஒதுக்கப்பட்ட வீட்டில் சுவர்களும் கூரையும் காணப்படவில்லை, அரசுச் சொத்துக்குச் சேதம் விளைவித்தது குறித்து விளக்கம் தரவும்.

தெருவில் படித்துக் காட்டினால் எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்தார். தங்கை மட்டும், “இடிக்கிற மிஷின் தெரு முக்குக்கு வந்தாச்சு. சிரிங்க, நல்லா சிரிங்க” என்றாள்.

கவுன்ட்டர் பையன்தான் வழி சொன்னான். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, தங்கையைப் பார்த்துச் சொன்னான்.

“அக்கா, அண்ணனுக்கு வேற மனைவி, ரெண்டு குழந்தை இருக்கறதா சிஸ்டம் சொல்லுது. அப்ப நீங்க கைவிடப்பட்டவங்க. அந்தப் பிரிவுல நீங்க தனியாப் போடலாம். சிஸ்டமே சரிபார்த்துக்கும். வேற யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க.”

“இவர் இங்கேதானேடா உக்காந்திருக்காரு!” என்றேன் நான்.

“கேமரா இந்தப் பக்கம் பார்க்கலை. உக்காந்துக்கட்டும்.”

மாப்பிள்ளை தங்கை முகத்தைப் பார்த்தார். “பேப்பர்லதானே. வீடு வந்தா ரெண்டு பேரும்தானே இருக்கப் போறோம். போடு” என்றார். நானும் போடு என்றுதான் சொன்னேன். வேறு என்ன சொல்ல? மழைக்காலம் வருகிறது, அறைக்குப் பக்கத்துச் சுவர் ஏற்கெனவே போய்விட்டது.

ஒரு உறுதிமொழியை அவள் வாயால் சொல்லி வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். என் பட்டறையில் வைத்துத்தான் எடுத்தோம். போனைப் பிடித்துக்கொண்டு நின்றது யார் தெரியுமா? அவரேதான். அவருக்குத்தான் வெளிச்சம், கோணமெல்லாம் பழக்கம்.

“என் கணவர் என்னைக் கைவிட்டு, வேறொரு பெண்ணோடு…” என்று ஆரம்பித்தவளுக்கு எதிரில் அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. அதை அனுப்பினோம், முகம் தெளிவாக இல்லை என்று திரும்பி வந்தது. மறுபடி. இந்தத் தடவை குரல் சரியில்லை என்று வந்தது.

“சத்தமா சொல்லு. நிஜமாச் சொல்ற மாதிரி சொல்லு” என்றார்.

அவள் தாளைக் கீழே வைத்தாள். கேமராவைப் பார்க்கவில்லை, அதைப் பிடித்திருந்தவரைப் பார்த்தாள். தாளைப் பார்க்காமலே ஒப்பித்தாள். “என் கணவர் என்னைக் கைவிட்டு வேறொரு பெண்ணோடு வாழ்கிறார். அவருக்கு அவளிடம் இரண்டு குழந்தைகள். எனக்குக் குழந்தை இல்லை. எனக்கு யாரும் இல்லை.”

கடைசி இரண்டு வரி தாளில் கிடையாது.

அது உடனே ஏற்றுக்கொள்ளப்பட்டது. உண்மையைச் சொல்லிப் பல மாதம் அலைந்தோம், ஒன்றும் அசையவில்லை. இது போய்ச் சேருமுன்னே வாழ்த்துக்கள் என்று வந்துவிட்டது.

வீடு நல்ல வீடு, அதில் குறை சொல்ல மாட்டேன். சமையலறை ஜன்னலைத் திறந்தால் காற்று கொட்டுகிறது. குடிபோன அன்றைக்குத்தான் கூட வந்த நிபந்தனையைப் படித்தார்கள். கைவிடப்பட்டவர்களுக்குக் கொடுத்த வீட்டில் கணவன் இருந்தால் வீடு பறிக்கப்படும். அதைப் பார்க்க ஒரு பெண் சொல்லாமல் கொள்ளாமல் வருவாள், உள்ளே இருப்பவர்களைப் போட்டோ எடுப்பாள். அந்தப் போட்டோவை மிஷின் யார் முகத்தோடு ஒப்பிடும் என்று சொல்ல வேண்டியதில்லை. இந்த ஊரிலேயே அந்த மிஷினுக்கு நன்றாகத் தெரிந்த முகம் ஒன்றே ஒன்றுதான்.

மாப்பிள்ளை என் பட்டறைப் பரணில் படுக்க ஆரம்பித்தார். ஞாயிற்றுக்கிழமை என்னோடு சேர்ந்து அங்கே போவார், நான் தங்கையைப் பார்க்கப் போகிற மாதிரி, அவர் எனக்குத் துணைக்கு வருகிற மாதிரி. சாப்பிடுவார், கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் உட்காருவார், இருட்டுவதற்குள் திரும்பிவிடுவோம். அந்த அடுக்குமாடியில் எல்லாருக்கும் விஷயம் எப்படியோ தெரிந்திருந்தது, அதாவது சிஸ்டத்தில் இருக்கிற விஷயம். படிக்கட்டில் ஒரு அம்மா அவர் காதுபடவே சொன்னாள்: “அங்கே ரெண்டைப் பெத்துட்டு இங்கே சாப்பிட வருது பாரு. மானம் இருக்கா?” வாய் ஓயாத அந்த மனுஷன் தலையைக் குனிந்துகொண்டு ஏறினார். என்ன சொல்ல முடியும்? இல்லை அம்மா, அவள் பொய் சொல்லி வீடு வாங்கினாள் என்று சொல்வாரா?

போன மாதம் நாங்கள் உள்ளே இருக்கும்போதே அந்தப் பரிசோதனைப் பெண் வந்து கதவைத் தட்டினாள். என் வேலைப் பை ஓரமாக இருந்தது. மாப்பிள்ளை அதைத் தோளில் போட்டுக்கொண்டு, வாயில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு, குளியலறைக் குழாய்க்குப் பக்கத்தில் குந்திவிட்டார்.

“இவங்க யாரு?” என்று கேட்டாள் என்னைக் காட்டி.

“என் அண்ணன்.”

“உள்ள?”

தங்கை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “குழாய் ரிப்பேருக்கு வந்தவரு. பேர் தெரியாது.”

“முகத்துல இருக்கற துணியை எடுக்கச் சொல்லுங்க, போட்டோ எடுக்கணும்.”

“அவருக்கு இருமல்மா, ஒரு வாரமா. உங்களுக்கு ஒட்டிக்கப் போகுது” என்றாள். பிறகு உள்ளே பார்த்துக் கத்தினாள். “யோவ், எவ்வளவு நேரம்யா குடைவ? முடிஞ்சுதுன்னா கிளம்பு. பொம்பளை தனியா இருக்கற வீடு.”

அந்தப் பெண் துணியோடு ஒரு படம் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மாப்பிள்ளை பையோடு இறங்கி வந்துவிட்டார். சாப்பாடு அப்படியே தட்டில் இருந்தது. பஸ்ஸில் வரும்போது, “நல்லாப் பேசினா இல்ல மச்சான்? நான்கூட ஒரு நிமிஷம் நம்பிட்டேன்” என்றார். சிரித்தார்.

அந்த வாரமே தங்கை எனக்குப் போன் போட்டாள்.

“அண்ணே, இனிமே அவரைக் கூட்டிட்டு வராதே.”

“என்னம்மா பேசுறே?”

“ஒரு நாள் மாட்டுவோம். வீடு போயிடும். எனக்குன்னு இருக்கறது இது ஒண்ணுதான். நீ மட்டும் வா.”

“அவர்கிட்ட என்ன சொல்ல?”

“ஏதாவது சொல்லு. நான் சொன்னா அழுவாரு.” மிஷின் சக்கரம் சுற்றுகிற சத்தம் கேட்டது. “என்னால அதைப் பார்க்க முடியாதுண்ணே.” வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாப்பிள்ளை பரணிலிருந்து இறங்கினார். இஸ்திரி போட்ட சட்டை. சமையலறை ஜன்னலில் மாட்ட ஒரு திரைச்சீலைக் கம்பியைத் தன் கையாலேயே அறுத்து, அரத்தால் ராவி, வர்ணம் அடித்து வைத்திருந்தார். அதைத் தாளில் சுற்றிக்கொண்டே, “கிளம்பலாமா?” என்றார்.

“இன்னிக்கு முடியாது மாப்ள. ஒரு கடையில ஷட்டர் சிக்கிக்கிச்சாம். அவசரமாக் கூப்பிடறான்.”

“எந்தக் கடை?”

எனக்குச் சட்டென்று ஒரு கடைப் பெயரும் வாயில் வரவில்லை. அவர் என்னையே பார்த்தார். பிறகு கம்பியைச் சுவரோரமாகச் சாய்த்து வைத்துவிட்டு, சட்டைப் பொத்தானை மேலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தார்.